கடை, வீடு, பெர்மிட் வயல், வைப்புப் பணம்: எல்லாவற்றையும் ஒரே உறுதியில் எழுதிவிடலாமா?

கேள்வி கேட்டவர் திருகோணமலை நகரத்தில் தம்பியோடு சேர்ந்து கட்டடப் பொருள் கடை நடத்துகிறார். வயது 61. மனைவி ஓய்வு பெற்ற ஆசிரியை. மூத்த மகள் கலியாணம் முடித்து உப்புவெளியில் இருக்கிறார், நடு மகன் கடையில், கடைசி மகன் கனடாவில். உவர்மலையில் வீடு, நிலாவெளியில் ஒரு வெறுங்காணி, தம்பலகாமத்தில் தகப்பன் காலத்துப் பெர்மிட் வயல் (அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி), வங்கியில் கொஞ்சம் நிலையான வைப்பு, கடைக்கு வங்கிக் கடன். அவர் கேட்பது இவ்வளவுதான்: "இப்போதே பிள்ளைகள் பெயரில் எழுதிவிடவா, மரண சாசனம் எழுதவா? கடன் பிரச்சினை வந்தாலும் வீடு போகாமல் இருக்க மனைவி பெயருக்கு மாற்றச் சொல்கிறார்கள், சரியா? எனக்குப் பென்ஷன் இல்லை, கடைசிக் காலத்துக்கு என்ன வழி?"

ஒரே உறுதியில் முடியாது. நீங்கள் சொன்ன சொத்துகளில் அநேகமாக ஒவ்வொன்றும் வேறு வேறு சட்டத்தின்படி கைமாறும். வீடு ஒரு வழியில் போகும், பெர்மிட் வயல் இன்னொரு வழியில், வங்கிப் பணம் மூன்றாவது வழியில், கடை நாலாவது வழியில். நம்முடைய ஆட்கள் ஒரு நொத்தாரிசிடம் போய் ஒரு பத்திரம் எழுதிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், நீங்கள் ஒன்றுமே எழுதாமல் போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். திருகோணமலைத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். தேசவழமை வடமாகாணத் தமிழருக்கான ஆட்சட்டம். அங்கிருந்து வந்து இங்கே கடை போட்டவர்களுக்கு அது தொடர்ந்து பொருந்துமா என்பது, அவர்கள் இன்னும் யாழ்ப்பாணத்தைத்தான் நிரந்தர ஊராகக் கொண்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. தலைமுறையாக இங்கே இருக்கிறவர்களுக்குப் பொதுச் சட்டம்தான், அதாவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். மனைவி பருத்தித்துறைக்காரி என்றாலும் கணவனுக்குத் தேசவழமை பொருந்தாவிட்டால், கலியாணம் நிலைத்திருக்கும்வரை அவருக்கும் பொருந்தாது. மூதூர், கிண்ணியா முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி அவரவர் மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவின்) பங்கு முறை. அவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுக்க வேண்டாம்.

1876ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்தில் பாதி மனைவிக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் வீட்டில் மனைவிக்கு இரண்டில் ஒன்று, மூன்று பிள்ளைகளுக்கும் ஆறில் ஒவ்வொன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதன்பின் உவர்மலை வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் ரொறன்ரோவில். ஒருவர் மனம் கோணினால் மாவட்ட நீதிமன்றத்தில் பங்கு பிரிக்கும் வழக்கு. அது எவ்வளவு காலம் இழுக்கும் என்று கோர்ட் வாசலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "நான் போனால் எல்லாம் மனுசிக்குத்தானே" என்று சொல்லும் கணவன்மாருக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும். பிள்ளை இல்லாத தம்பதி என்றால்கூட மனைவிக்குப் பாதிதான், மிச்சம் கணவன் பக்கத்து உறவுக்குப் போகும்.

சரி, இப்போதே பிள்ளைகளுக்கு நன்கொடை உறுதி எழுதலாமா? வெளிநாட்டுப் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் காரணம், செத்த பிறகு அரசாங்கம் வரி எடுக்கும் என்பது. இங்கே மரண வரி 1985இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த திட்டத்தில் அன்பளிப்பு, மரபுரிமை மீது வரி போடும் யோசனை இருந்தது உண்மைதான். அதற்குப் பயந்து இன்றைக்கே வீட்டைக் கைமாற்றுவது அவசரம். வரிக்காக நன்கொடை எழுதுகிறேன் என்று யாரும் சொன்னால் நான் இன்னொரு தரம் யோசிக்கச் சொல்வேன்.

நன்கொடை உறுதியில் உங்களுக்கும் மனைவிக்கும் சீவிய உருத்து வைத்து எழுதலாம். சாகும்வரை இருக்கலாம், வாடகை எடுக்கலாம். பெற்றோர் பலர் அதை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் மூன்று விஷயத்தை அந்த நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எழுதிய பின் அந்த வீட்டை நீங்கள் தனியாக விற்கவும் முடியாது, மருத்துவச் செலவுக்கு ஈடு வைக்கவும் முடியாது. அடுத்தது, கடவுளே என்று அப்படி ஒன்றும் நடக்கக் கூடாது, மகள் உங்களுக்கு முன் போய்விட்டால் வீடு உங்களிடம் திரும்பி வராது. அது மகளின் சொத்து, அதில் பாதி மருமகனுக்கு. மூன்றாவது, பிள்ளை பார்க்கவில்லை என்று மனம் மாறி உறுதியை ரத்து எழுதினால் அது செல்லாது. மீளப்பெற முடியாத நன்கொடையைக் கடும் நன்றிகேடு என்ற காரணத்துக்காக ரத்துச் செய்ய நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சொந்தப் பிள்ளை நன்றி கெட்டவன் என்று எழுபது வயதில் கூண்டில் ஏறி நிரூபிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அதனால் என் அபிப்பிராயம் இது: குடியிருக்கும் வீட்டை உயிரோடு இருக்கும்போது கொடுக்காதீர்கள். நிலாவெளிக் காணியை வேண்டுமானால் மகளுக்கோ மகனுக்கோ இப்போதே கொடுங்கள். அது போனாலும் உங்கள் தலைக்கு மேல் கூரை இருக்கும். வீட்டுக்கு மரண சாசனம் போதும்.

மரண சாசனம் எழுத 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டப்படி இரண்டு வழி. ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகள். இரண்டாவது வழி காகிதத்தில் எளிது. பிறகு ஐந்து பேரையும் நீதிமன்றத்துக்குத் தேடித் திரிய வேண்டிவரலாம், ஆகவே நொத்தாரிசிடமே போங்கள். சொத்துப் பெறுகிறவரையும் அவருடைய கணவன் மனைவியையும் சாட்சி வைக்காதீர்கள். உடல்நிலை சந்தேகமாக இருந்தால் ஒரு மருத்துவச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். எழுதிய பின் மறுமணம் நடந்தால் பழைய சாசனம் தானாக ரத்தாகிவிடும், இது மனைவியை இழந்தபின் திரும்பக் கலியாணம் செய்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. சாசனம் இருந்தாலும் மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி வழக்குப் போட்டு அதை நிரூபித்தே சொத்தைக் கையளிக்க வேண்டும். ஆகவே நிறைவேற்றுநராகக் கனடா மகனைப் போடாமல் ஊரில் இருப்பவரைப் போடுங்கள்.

இன்னொன்று. "மூன்று தலைமுறைக்கு விற்கக் கூடாது, பேரப்பிள்ளைகளுக்கே சேர வேண்டும்" என்று எழுதச் சொல்லிக் கேட்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படித் தலைமுறைக் கட்டுப் போடும் முறையை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது.

இப்போது தம்பலகாமம் வயல். உங்கள் பட்டியலில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். நீங்கள் இதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். "தகப்பன் காலத்து" என்கிறீர்கள், அப்படியானால் பெர்மிட் இன்னும் தகப்பன் பெயரிலேயே இருக்கிறதா? கந்தளாய், தம்பலகாமம், சேருவில, குச்சவெளி என்று இந்த மாவட்டத்தில் பெருமளவு வயல் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணி. அதற்கு மேலே சொன்ன பாதி, ஆறில் ஒன்று கணக்கு எதுவும் பொருந்தாது. பெர்மிட்காரர் அல்லது அளிப்புப் பத்திரம் பெற்றவர் இறந்தால், கணவன் அல்லது மனைவி உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம். ஆனால் விற்க முடியாது, பின்னுரித்தாளரை, அதாவது அடுத்ததாகக் காணியைப் பெறுவதற்குப் பதியப்பட்டவரை, மாற்றவும் முடியாது. அவருக்குப் பிறகு பதிவு செய்யப்பட்ட பின்னுரித்தாளருக்குப் போகும். அப்படி யாரையும் பதியாவிட்டால் சட்டத்தின் அட்டவணையில் உள்ள ஒழுங்கில் உறவினருக்குப் போகும். முன்பு அந்த ஒழுங்கில் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அந்த ஆண் பெண் பாகுபாட்டை எடுத்தது.

நீங்களும் தம்பியும் ஆளுக்குப் பாதியாக விதைத்து வந்திருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது பாதியல்ல. தகப்பன் தம்பியைப் பின்னுரித்தாளராகப் பதிந்திருந்தால் முழு வயலும் தம்பிக்கு. உங்களைப் பதிந்திருந்தால் உங்களுக்கு. இருபது வருடம் உழுது விதைத்த பிறகு பிரதேச செயலகத்தில் கோப்பைத் திறந்து பார்த்து அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்ற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை. பின்னுரித்தாளர் நியமனப் பத்திரம், நியமித்தவர் உயிரோடு இருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எழுதிப் பெட்டியில் வைத்திருந்தால் செல்லாது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் இந்தக் காணியை விற்றாலோ நன்கொடை எழுதினாலோ அந்த உறுதி வெறும் காகிதம். அப்படியான வயலை "உறுதி முடித்துத் தருகிறேன்" என்று மலிவாக விற்க வருகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

பத்திரங்கள் கைவசம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 1983, 1990 இடப்பெயர்வுகளிலும் 2004 ஆழிப்பேரலையிலும் உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். மூல உறுதி தொலைந்தால் காணியே போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே விண்ணப்பித்தால் சான்றுப்படுத்திய பிரதியும் பதிவேட்டுச் சாற்றும் எடுக்கலாம். நிலாவெளிக் காணி பல வருடம் ஆளில்லாமல் கிடந்தது என்றால் அந்தச் சாற்றைக் கட்டாயம் எடுங்கள். பத்து வருடம் எதிருரிமையோடு, அதாவது சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் தன்னுடையதாக, அனுபவித்தவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். போரால் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் 2009க்குப் பிறகு போன காலத்துக்கு அது உதவாது. வேலி அடைத்து, சோலைவரி கட்டி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கடைக்கு வருவோம். பிரதேச செயலகத்தில் பெயர் பதிந்து நடத்தும் கூட்டு வியாபாரம் என்றால், சட்டத்துக்கு முன் கடை என்று தனி ஆள் இல்லை. கடையின் கடன் உங்கள் கடன், தம்பி வாங்கிய கடனும் உங்கள் கடன். பங்காளி ஒருவர் இறந்தால், வேறு விதமாக எழுதி வைக்காதவரை, கூட்டு அன்றோடு கலைந்துவிடும். அப்புறம் உங்கள் மகனும் தம்பியும் கடை முன்னால் நின்று சரக்கையும் நிலுவையையும் எண்ண வேண்டும். இறந்தவரின் மனைவி தன் பங்கைக் காசாகக் கேட்டால் கொடுக்கக் கையில் காசு இருக்காது, எல்லாம் சீமெந்திலும் கம்பியிலும் கிடக்கும். முதல் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டால் கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இன்றைக்கு ஆயிரம் ரூபாயில் ஒரு மூட்டை சீமெந்துகூட வராது. அப்படியிருந்தும் எத்தனையோ கடைகள் வாய்ப்பேச்சிலேயே ஓடுகின்றன.

ஆகவே தம்பியோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஒருவர் இறந்தால் மற்றவர் பங்கை வாங்கும் உரிமை, விலை எப்படிக் கணிப்பது, எத்தனை தவணையில் கொடுப்பது. இருவரும் ஆளுக்கொரு ஆயுள் காப்புறுதி எடுத்து அந்தப் பணத்தில் பங்கை வாங்குவது என்று எழுதினால் தவணைச் சண்டையும் இல்லை. தனியார் கம்பனியாக மாற்றினால் இன்னும் தெளிவு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி கம்பனி தனி ஆள், ஒருவர் போனாலும் அது நிற்கும், பங்குகள்தான் கைமாறும். கணக்காளர் செலவும் வருடாந்த அறிக்கையும் கூட வரும், தயாராக இருங்கள்.

ஆனால் கம்பனி ஆக்கியதால் வீடு தப்பிவிடும் என்று நினைத்தால் அது வங்கியைப் பற்றித் தெரியாத பேச்சு. சின்னக் கம்பனிக்குக் கடன் தரும்போது இயக்குநர்களின் தனிப்பட்ட பிணையை வங்கி கேட்கும், பெரும்பாலும் வீட்டு உறுதியையும் கேட்கும். அந்தக் கையெழுத்தோடு கம்பனி தரும் பாதுகாப்பு முடிந்தது. ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. வியாபாரிகள் பராட்டே என்று சொல்லிப் பயப்படுவது அதைத்தான். நெருக்கடி முடிந்த கையோடு 2024இல் அதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள், நிரந்தரமாக அல்ல.

மனைவி பெயருக்கு மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். கணவன் மனைவி சொத்து இங்கே தனித்தனி, ஆகவே கடன் இல்லாத, அல்லது கடன் ஒழுங்காகக் கட்டும் காலத்தில் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றி, அவர் எந்தப் பிணையிலும் கையெழுத்து வைக்காமல் இருந்தால் அது உண்மையான பாதுகாப்பு. தவணை தவறி, வங்கிக் கடிதம் வந்த பிறகு மாற்றினால் நிலைமை வேறு. கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த கைமாற்றம் என்று சொல்லி நீதிமன்றத்தில் அதை ரத்துச் செய்விக்கலாம். உங்கள் கடன் இப்போது ஒழுங்காக ஓடுகிறது என்றால் செய்யலாம். உவர்மலை வீடு ஏற்கெனவே ஈட்டில் இருந்தால், முதலில் ஈட்டை நிலாவெளிக் காணிக்கு மாற்ற வங்கியோடு பேசுங்கள். அது நடந்தால் காணியைப் பிள்ளைக்குக் கொடுக்கும் எண்ணம் ஈடு தீரும்வரை பொறுக்க வேண்டும், வீடு தப்புவதுதான் முக்கியம். வீட்டை மனைவிக்கு மாற்றினால் அவரும் தனியாக ஒரு சாசனம் எழுத வேண்டும், இதை மறந்துவிடுகிறார்கள்.

கடையில் வேலை செய்யும் ஆட்களின் ஊழியர் சேமலாப நிதியையும் சொத்துப் பாதுகாப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஊழியரிடம் 8 வீதம், உங்களிடமிருந்து 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். 60,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் 12,000 ரூபாய் சேமலாப நிதிக்கு, 1,800 ரூபாய் நம்பிக்கை நிதியத்துக்கு. கட்டாமல் விட்டால் தாமதத்தைப் பொறுத்து 50 வீதம்வரை மேலதிகக் கட்டணம் ஏறும், உரிமையாளர் மீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு வரும். மகன் கடையில் சம்பளம் எடுக்கிறார் என்றால் அவருக்கும் கட்டுங்கள். வியாபாரம் விழுந்தாலும் அந்தப் பணம் மத்திய வங்கியிடம் அவர் பெயரில் இருக்கும்.

உங்கள் கடைசிக் காலம். உங்களுக்குப் பென்ஷன் இல்லை என்கிறீர்கள், அது முழுக்கச் சரியாக இல்லாமல் இருக்கலாம். ஆசிரியை சேவையில் இருந்தபோது 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டப்படி தபுதாரர் (மனைவியை இழந்தவர்) ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டியிருந்தால், அவர் முந்திப் போனால் உங்களுக்கு ஒரு பென்ஷன் உண்டு. டபிள்யூ அண்ட் ஓபி என்று சொல்வார்களே, அந்தக் கோப்பில் உங்கள் கலியாணச் சான்றிதழ் இருக்கிறதா, பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று இப்போதே பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள். அவர் போன பிறகு எழுத்துப் பிழை திருத்த அலைவது கொடுமை.

வைப்புப் பணத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருடம் வட்டி எடுத்தவர்களுக்கு முதலே கரைந்தது. கடையின் மேல்மாடியோ வீட்டின் ஒரு பகுதியோ வாடகைக்கு விட்டால் விலைவாசியோடு வாடகையும் ஏறும், ஆகவே வாடகை தரும் சொத்து ஒன்று கடைசிவரை உங்கள் பெயரில் இருக்கட்டும். கூடிய வட்டி என்று நிதிக் கம்பனிக்கு எல்லாவற்றையும் கொண்டு போகாதீர்கள். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய்வரைதான். 2020 மே மாதத்தில் த பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தபோது ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

வங்கிக் கணக்கில் நியமனம் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் மரண சாசனத்தில் வேறு எழுதினாலும் பணம் நியமித்தவருக்கே போகும். கலியாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டு அப்படியே விட்டவர்கள் இருக்கிறார்கள். சாசனம் எழுதப் போகும் முன் வங்கி, காப்புறுதி, மகனின் சேமலாப நிதி எல்லாவற்றிலும் யார் பெயர் என்று பார்த்து, சாசனத்தோடு பொருந்தச் செய்யுங்கள்.

கனடா மகன் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்திருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே விலைக்குக் காணி வாங்க முடியாது. பெற்றோரிடமிருந்து மரபுரிமையாகவோ சாசனம் மூலமோ நன்கொடையாகவோ பெறுவதற்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆகவே "அவனுக்கு எழுத முடியாது, அண்ணன் பெயரில் எழுதி வைப்போம், பிறகு கொடுப்பான்" என்ற ஏற்பாடு தேவையே இல்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் இன்னும் இலகு. அவர் அற்றோர்ணித் தத்துவம் தந்தால் இங்குள்ள அண்ணன் அவருக்காகக் கையெழுத்திடலாம். ஆனால் அதைக் குறிப்பிட்ட ஒரு காணிக்கு, குறிப்பிட்ட வேலைக்கு என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் மகனுக்குத் தத்துவம் கொடுத்தாலும் இதே விதிதான், நீங்கள் கண் மூடிய நிமிடமே அதன் பலம் போய்விடும். அதன் பிறகு அந்தத் தத்துவத்தை வைத்து எழுதும் உறுதி எதுவும் நிற்காது.